கொடைக் கருவிழி வழியே வந்த சூடோமோனாஸ் தொற்று: ஒரு நிகழ்வு ஆய்வு

கருவிழி மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணின் உட்பகுதியில் சீழ்த்தொற்று உண்டாவது அரிது. பெரும்பாலான மருத்துவத் தொகுப்புகளில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே பதிவாகியுள்ளது. அந்த அரிய தொற்றிலும் ஒரு பகுதி, நோயாளியின் இமையிலிருந்தோ அறுவை அரங்கிலிருந்தோ வராமல், பார்வை தருவதற்காகவே கொண்டுவரப்பட்ட கொடைத் திசுவிலிருந்து வருகிறது. இங்கே ஆராயப்படும் நிகழ்வு அத்தகையது; அதில் வந்த கிருமி சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. இது தனி ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பு அல்ல. இவ்வகைத் தொற்றுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் போக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோவையில் வைத்து ஆராய்வதற்காகப் பயிற்சி நோக்கில் அமைக்கப்பட்ட மாதிரி நிகழ்வு. ஆகவே இதில் வரும் வயது, மணிநேரம், செல் எண்ணிக்கை போன்றவை இந்த மாதிரிக்கு உரியவை. மருந்தளவுகளும் நுண்ணுயிரியல் விவரங்களும் நடைமுறையில் உள்ளவை.

கொடையாளரும் திசுவும்

கொடையாளர் 41 வயது ஆண். தலைக்காயத்தோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டு, 11 நாட்கள் வென்டிலேட்டரில் இருந்து இறந்தவர். கடைசி இரண்டு நாட்களில் காய்ச்சல் இருந்தது. இரத்த வெள்ளணுக்களும் கூடியிருந்தன. இரத்தக் கல்ச்சரில் (கிருமி உள்ளதா என்று ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) 48 மணிநேரம் வரை எந்த வளர்ச்சியும் இல்லை என்பதாலும், செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் கடும் நிலை) என்று சிகிச்சைக் குறிப்பில் எங்கும் எழுதப்படவில்லை என்பதாலும், கண் வங்கியின் மருத்துவப் பொறுப்பாளர் திசுவை ஏற்றார். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் சோதனைகள் எதிர்மறையாக வந்தன. இறப்பதற்கு முந்தைய நாள் மூச்சுக்குழாய்ச் சளி கல்ச்சருக்கு அனுப்பப்பட்டிருந்தது; திசு எடுக்கப்பட்ட நேரத்தில் மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பில் அதற்கு நேரே "முடிவு வரவில்லை" என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது.

செவிலியர் குறிப்பில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. இமைகள் முழுதாக மூடவில்லை என்பது ஒன்று. வலது கண்ணில் பிசுபிசுப்பான கசிவு இருந்ததால் ஈரப்பஞ்சு வைக்கப்பட்டது என்பது மற்றொன்று. கண் வங்கிக்கு வந்த சுருக்கப் படிவத்தில் இவ்விரண்டும் இடம்பெறவில்லை. பல கண் வங்கிகளின் படிவங்களில் இவற்றுக்கென்று கட்டமே இருப்பதில்லை.

இறந்து 6 மணி 20 நிமிடங்களுக்குள் திசு பாதுகாப்புத் திரவத்தில் வைக்கப்பட்டது. இமைகளும் இமைமயிரும் துடைக்கப்பட்டு, இமையிணைப்படலப் பைகள் (இமையின் உட்புறத்தையும் வெண்விழியையும் மூடும் மெல்லிய படலத்தின் மடிப்புகள்) சலைன் கொண்டு அலசப்பட்டு, 5 சதவீதப் போவிடோன் அயோடின் 5 நிமிடங்கள் வைக்கப்பட்ட பின், கருவிழியும் அதைச் சுற்றிய வெண்விழி வளையமும் உடலிலிருந்தே வெட்டியெடுக்கப்பட்டன. ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்த வழக்கமான குளிர்நிலைத் திரவத்தில், 4 டிகிரி செல்சியஸில் அவை வைக்கப்பட்டன. ஸ்லிட் விளக்கின் கீழ் இரு கருவிழிகளிலும் கீழ்ப்பாதியில் மேலடுக்கு உதிர்ந்திருந்தது. நடு அடுக்கு தெளிவாக இருந்தது. கருவிழியின் உள்ளடுக்கான எண்டோதீலியத்தின் செல் அடர்த்தி வலதில் சதுர மில்லிமீட்டருக்கு 2,650, இடதில் 2,580. அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் திசுவை ஏற்கும்போது முதலில் பார்க்கும் எண் இதுதான். இந்த எண் நன்றாக இருந்தது.

கீழ்ப்பாதியில் மேலடுக்கு உதிர்ந்திருந்ததற்கு இமை மூடாததே காரணம். வென்டிலேட்டரில் உள்ளவரின் கண் நாட்கணக்கில் காய்ந்து, மேலடுக்கின் தடுப்பு போய், மூச்சுக்குழாயை உறிஞ்சும்போது தெறிக்கும் சளியின் நுண்ணுயிர்கள் அங்கே குடியேறுகின்றன. மேலடுக்கு உதிர்வு ஆறிவிடும் என்பதால் திசு மதிப்பீட்டில் அது பெரிதாகக் கொள்ளப்படுவதில்லை. தொற்றின் கோணத்திலிருந்து பார்த்தால், அந்தப் படிவத்தில் கிடைத்த ஒரே எச்சரிக்கை அதுவே என்பது என் கருத்து.

பெறுநர்

வலது கருவிழியைப் பெற்றவர் 62 வயதுப் பெண். முன்பு நடந்த கண்புரை அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து கருவிழியின் உள்ளடுக்கு செயலிழந்து, கருவிழி வீங்கிக் கொப்புளம் கட்டியிருந்தது. செயற்கை லென்ஸ் உரிய இடத்தில் இருந்தது. அதன் பின்னுள்ள உறையும் கிழியாமல் இருந்தது. பார்வை, கண்ணெதிரே கையசைவை உணரும் அளவு. நீரிழிவு உண்டு, கட்டுப்பாட்டில் இருந்தது. கண்ணீர்ப்பையில் அடைப்பு இல்லை. இமை விளிம்பில் அழற்சி இல்லை.

திசு எடுக்கப்பட்டு 68 மணிநேரம் கழித்து முழுத்தடிமன் மாற்று அறுவை நடந்தது. நோயாளியின் கருவிழியில் 7.5 மி.மீ. வட்டம் வெட்டப்பட்டு, 8 மி.மீ. கொடைத் திசு 16 தனித்தனி நைலான் தையல்களால் பொருத்தப்பட்டது. வெட்டியபின் எஞ்சிய வெண்விழி வளையம், இங்கே விளிம்பு என்று குறிக்கப்படுவது, வழக்கப்படி கல்ச்சருக்கு அனுப்பப்பட்டது. முடிவில் இமையிணைப்படலத்தின் அடியில் ஜென்டாமைசினும் டெக்சாமெதசோனும் செலுத்தப்பட்டன. மாக்சிஃப்ளாக்ஸசின், பிரெட்னிசலோன் சொட்டுகள் தொடங்கப்பட்டன.

தொற்று வெளிப்பட்ட விதம்

அறுவை முடிந்த 18ஆவது மணிநேரத்தில் கட்டு பிரிக்கப்பட்டபோது கொடைத் திசு சற்று வீங்கியிருந்தது. கருவிழிக்குப் பின்னுள்ள நீர் நிறைந்த முன்னறையில் அழற்சிச் செல்கள் மிதமாக இருந்தன. லேசான வலி இருந்தது. முதல்நாள் கண்ணில் இவை மூன்றும் எதிர்பார்க்கத்தக்கவையே. இதை வைத்து யாரையும் குறை கூற முடியாது.

36ஆவது மணிநேரத்தில் நோயாளி தாங்க முடியாத வலி என்று வந்தார். இமை வீங்கியிருந்தது. பார்வை வெளிச்சத்தை உணரும் அளவுக்குக் குறைந்திருந்தது. முன்னறையின் அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்குச் சீழ் தேங்கியிருந்தது. கொடைத் திசுவின் கீழ்ப்பாதியில், மேலடுக்கு உதிர்ந்திருந்த அதே பகுதியில், பாலாடை நிறத்தில் ஊடுருவல் படிந்து தையல் கோடு வரை வந்து நின்றுவிட்டிருந்தது. கோட்டுக்கு வெளியே நோயாளியின் சொந்தக் கருவிழி தெளிவாக இருந்தது. கொடைத் திசுவின் உட்பரப்பில் மஞ்சள் படிவு ஒட்டியிருந்தது. நோயாளியின் இமையிலிருந்தோ காயத்தின் கசிவிலிருந்தோ வரும் தொற்று பொதுவாகத் தையலின் பாதையிலோ வெட்டு விளிம்பிலோ தொடங்கி இருபுறமும் பரவும். திசுவின் எல்லைக்குள் அடங்கிய ஊடுருவலும் 48 மணிநேரத்துக்குள் தோன்றிய சீழும் ஒருசேரக் காணப்பட்டால், ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே கொடைத் திசுவைச் சந்தேகிக்க வேண்டும். கொடைத் திசுவிலிருந்து வரும் பாக்டீரியத் தொற்று பெரும்பாலும் முதல் சில நாட்களிலும், கேண்டிடா போன்ற பூஞ்சைத் தொற்று அதற்குப் பிந்தியும் வெளிப்படுவது வழக்கம்.

விளிம்பு போடப்பட்டிருந்த ஊடகத்தில் கிராம் நெகட்டிவ் (கிராம் சாயச் சோதனையால் பிரித்தறியப்படும் ஒரு வகை) தண்டு வடிவ பாக்டீரியா வளர்ந்திருப்பதை ஆய்வகப் பணியாளர் அன்று காலையிலேயே கண்டிருந்தார். அது கணினியில் "ஆரம்ப முடிவு" என்று பதிவானது. தொலைபேசி அழைப்பு போகவில்லை. நோயாளி வலியோடு வந்த நேரத்தில், அவருடைய கண்ணில் என்ன இருக்கிறது என்பது ஏழு மணிநேரமாக அதே கட்டடத்தின் கணினி ஒன்றில் எழுதப்பட்டிருந்தது. இரத்தக் கல்ச்சரில் வளர்ச்சி தென்பட்டால் உடனே அழைக்க வேண்டும் என்ற விதி அந்த ஆய்வகத்தில் இருந்தது. விளிம்பு கல்ச்சர் அந்தப் பட்டியலில் இல்லை.

சிகிச்சை

கண்ணின் ஒலியலைப் படமான பி-ஸ்கேனில், லென்ஸுக்குப் பின்னுள்ள கூழ் நிறைந்த விட்ரியஸ் குழியில் எதிரொலிப் புள்ளிகள் தெரிந்தன, விழித்திரை ஒட்டியிருந்தது. 40ஆவது மணிநேரத்தில் முன்னறை நீரும் விட்ரியஸும் எடுக்கப்பட்டு, கண்ணுக்குள் வான்கோமைசின் 1 மி.கி., செஃப்டாசிடிம் 2.25 மி.கி., ஒவ்வொன்றும் 0.1 மி.லி. அளவில் செலுத்தப்பட்டன. விட்ரியஸின் கிராம் சாயப் பூச்சில் தண்டு வடிவ கிராம் நெகட்டிவ் பாக்டீரியா தெரிந்தது. மறுநாள் அது சூடோமோனாஸ் ஏருஜினோசா என உறுதியானது. அதற்கடுத்த நாள், கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் மருந்துணர்வு முடிவு வந்தது: ஜென்டாமைசின், டோப்ராமைசின், அமிகாசின், செஃப்டாசிடிம், சிப்ரோஃப்ளாக்ஸசின் அனைத்துக்கும் எதிர்ப்பு, இமிபெனெம், கோலிஸ்டின் இரண்டுக்கும் மட்டும் உணர்வு.

அதுவரை கொடுக்கப்பட்டவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பாதுகாப்புத் திரவத்தில் இருந்த ஜென்டாமைசின், அறுவையின் முடிவில் ஊசியாகப் போன அதே ஜென்டாமைசின், சொட்டாகப் போன மாக்சிஃப்ளாக்ஸசின் (சிப்ரோஃப்ளாக்ஸசினைப் போலவே ஃப்ளூரோகுயினோலோன் வகை), கண்ணுக்குள் போன செஃப்டாசிடிம் ஆகியவற்றுள் எதற்கும் இந்தக் கிருமி கட்டுப்படாது. வான்கோமைசின் கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கான மருந்தே அல்ல. இவற்றுள் எதுவும் தவறான தேர்வு அன்று. எல்லாமே ஏற்கப்பட்ட நடைமுறை. கிருமி வந்த இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற தகவல் இருந்திருந்தால் மட்டுமே வேறு தேர்வுக்கு வழி பிறந்திருக்கும்.

கண்ணுக்குள் இமிபெனெம் செலுத்தப்பட்டது. கோலிஸ்டின் சொட்டு மருந்து மணிக்கொருமுறை தொடங்கப்பட்டது. ஸ்டீராய்டு சொட்டு நிறுத்தப்பட்டது. நான்காம் நாள் கொடைத் திசு உருகத் தொடங்கியது; இரண்டு தையல்கள் தளர்ந்தன. அன்றே விட்ரியஸ் அகற்றப்பட்டு, கொடைத் திசு முழுவதும் எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் கிளிசரினில் பாதுகாக்கப்பட்ட கருவிழி தைக்கப்பட்டது. கிளிசரின் திசுவில் உயிருள்ள எண்டோதீலியம் இல்லாததால் அது தெளியாது. கண்ணின் சுவரை மூடுவது மட்டுமே அதன் பணி.

விட்ரியஸ் அகற்றுவதை நான்காம் நாள் வரை தள்ளியிருக்க வேண்டுமா என்பது விவாதத்துக்குரியது. 1995இல் வெளியான எண்டாஃப்தால்மைட்டிஸ் விட்ரெக்டமி ஆய்வு (உட்கண் தொற்றில் விட்ரியஸ் அகற்றும் அறுவை பற்றியது), பார்வை வெளிச்ச உணர்வு மட்டுமாகக் குறைந்தவர்களுக்கே உடனடி விட்ரெக்டமி கூடுதல் பலன் தருகிறது என்று காட்டியது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் கண்புரை அல்லது லென்ஸ் பொருத்தும் அறுவைக்குப் பின் தொற்று வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிருமி வீரியம் குறைந்த ஸ்டஃபிலோகாக்கஸ். கருவிழி மாற்றில் வரும் சூடோமோனாஸுக்கு அதை அப்படியே பொருத்த இயலாது. எனினும் இந்த நோயாளி அந்த ஆய்வின் அளவுகோலின்படியே உடனடி அறுவைக்கு உரியவர். தாமதத்துக்குக் காரணமாகக் குறிக்கப்பட்டது, கொடைத் திசு மங்கியிருந்ததால் உள்ளே பார்க்க முடியவில்லை என்பது. தொற்றின் ஊற்றே அந்தத் திசுவாக இருக்கும்போது, அதை எடுத்துவிட்டு, தற்காலிகச் செயற்கைக் கருவிழி வழியே உள்ளே பார்த்து விட்ரெக்டமி செய்வது இரண்டாம் நாளிலேயே எண்ணத்தக்க வழி. கிருமி நிறைந்த திசுவைத் தையலோடு விட்டுவைத்து, அதன் பின்னால் மருந்து செலுத்துவதில் பொருள் குறைவு.

மற்றொரு கருவிழி

ஒரு கொடையாளரிடமிருந்து இரண்டு கருவிழிகள் வருகின்றன என்பதால் எந்தத் தொற்றும் ஒரு மருத்துவமனையோடு முடிவதில்லை. 42ஆவது மணிநேரத்தில் கண் வங்கிக்குத் தகவல் போனது. இடது கருவிழி அதற்கு முந்தைய நாள் மாலை வேறொரு மருத்துவமனையில் கூம்புக் கருவிழி உள்ள 24 வயது இளைஞருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அங்கே செய்யப்பட்டது முன்னடுக்கு மாற்று: நோயாளியின் எண்டோதீலியமும் அதைத் தாங்கும் டெசிமெட் படலமும் அவருடையவையாகவே விடப்பட்டு, கொடைத் திசுவின் உள்ளடுக்குகள் உரித்து எடுக்கப்பட்டு, மீதி மட்டும் மேலே தைக்கப்பட்டது.

அந்த விளிம்பிலும் அதே கிருமி வளர்ந்தது. ஆயினும் இளைஞருக்குத் தொற்று வரவில்லை. கண்ணின் உள்ளறை திறக்கப்படாததும், உட்பரப்பில் படிந்தவற்றில் ஒரு பகுதி உரித்த படலத்தோடு போனதும், உரிக்கும்போது திசு பலமுறை அலசப்பட்டதும் சேர்ந்து அவரைக் காத்திருக்க வேண்டும். முன்னடுக்கு மாற்று பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. இரு திசுக்களுக்கும் இடையிலான அடுக்கில் கிருமி சிக்கினால், சொட்டு மருந்து எட்டாத இடத்தில் அது வாரக்கணக்கில் தங்கி, பின்னர் வெளிப்படலாம். கேண்டிடா இதற்குப் பேர்போனது. ஆகவே அந்த இளைஞருக்குக் கோலிஸ்டின் சொட்டு கொடுக்கப்பட்டு, திசு அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.டி. கருவியால் இடையடுக்கு அடிக்கடி பார்க்கப்பட்டது.

மூலம் கொடைத் திசுதானா

ஒரே இனக் கிருமி இரண்டு இடத்தில் வளர்ந்தால் அது மூலத்துக்குச் சான்றாகிவிடாது. சூடோமோனாஸ் நீர் இருக்கும் இடமெல்லாம் வாழக்கூடியது. அறுவை அரங்கின் அலசு திரவம், கைகழுவும் தொட்டி, கருவியின் உட்குழாய் எதிலும் இருக்கலாம். அதனால் அன்று அதே அரங்கில் நடந்த பிற அறுவைகள் பார்க்கப்பட்டன. எவருக்கும் தொற்று இல்லை. பயன்படுத்திய அலசு திரவத்தின் அதே தொகுதிப் புட்டிகள் கல்ச்சருக்கு அனுப்பப்பட்டன; வளர்ச்சி இல்லை. ஆனால் இவையெல்லாம் எதிர்மறைச் சான்றுகளே. முடிவைத் தந்தது வேறொன்று. கொடையாளரின் மூச்சுக்குழாய்ச் சளியில், அவர் இறந்து இரண்டு நாட்களுக்குப் பின், சூடோமோனாஸ் வளர்ந்திருந்தது. அந்த ஆய்வகம் கிருமியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது. சளி, வலது விளிம்பு, இடது விளிம்பு, நோயாளியின் விட்ரியஸ் ஆகிய நான்கிலிருந்தும் பிரித்த கிருமிகள் டி.என்.ஏ. துண்டுகளை மின்புலத்தில் பிரித்துக் காட்டும் துடிப்புப் புல ஜெல் முறையில் ஒப்பிடப்பட்டபோது டி.என்.ஏ. பட்டைகள் ஒன்றுபோல் அமைந்திருந்தன. மருந்துணர்வுப் பட்டியல் ஒத்திருப்பது சந்தேகத்தை வலுப்படுத்தும்; மரபணு ஒப்பீடே அதை உறுதியாக்கும்.

குளிரில் மருந்து

பாதுகாப்புத் திரவத்தில் ஆன்டிபயாடிக் இருக்கிறது என்பது அறுவை அரங்கில் எல்லோருக்கும் ஒரு நிம்மதியைத் தருகிறது. அந்த நிம்மதிக்கு அடிப்படை எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

1974இல் மெக்கேரியும் காஃப்மனும் அறிமுகப்படுத்திய திரவம் கருவிழியைத் தனியே வெட்டி நான்கு நாட்கள் வரை குளிரில் வைக்க வழிசெய்தது. அதன் வழிவந்த ஆப்டிசால் ஜி.எஸ். போன்றவை இக்காலத்தை 14 நாட்கள் வரை நீட்டின. ஆப்டிசால் ஜி.எஸ்ஸில் ஒரு மில்லிலிட்டருக்கு ஜென்டாமைசின் 100 மைக்ரோகிராம், ஸ்ட்ரெப்டோமைசின் 200 மைக்ரோகிராம் உள்ளன. இரத்தத்தில் ஒருபோதும் எட்ட முடியாத, எட்டவும் கூடாத செறிவு இது. ஆனால் இரண்டும் அமினோகிளைக்கோசைடுகள். இவ்வகை மருந்து பாக்டீரியாவின் உட்சவ்வைத் தானாகக் கடப்பதில்லை. பாக்டீரியாவே தன் ஆற்றலைச் செலவிட்டு அதை உள்ளே இழுக்க வேண்டும். 4 டிகிரியில் பாக்டீரியாவின் வளர்சிதைமாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே மருந்து வெளியிலேயே நிற்கிறது. பாக்டீரியா பெருகுவதும் இல்லை, சாவதும் இல்லை. பின்னர் திசு கண்ணில் தைக்கப்பட்டு உடல் வெப்பத்துக்கு வரும்போது பாக்டீரியா விழிக்கிறது. அதற்குள் திரவம் அலசப்பட்டு, திசுவில் எஞ்சிய மருந்தும் கண்ணீராலும் முன்னறை நீராலும் நீர்த்துப் போய்க்கொண்டிருக்கிறது.

அறுவைக்கு முன் திரவத்தை அறை வெப்பநிலையில் சிறிது நேரம் வைத்தால் கிருமிக்கொல்லல் பல மடங்கு கூடுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. செலவில்லாத வழி இது, செய்யலாம். ஆனால் இந்த நிகழ்விலிருந்து அந்தப் பாடத்தைக் கற்பது தவறாகும். இங்கே திசு குளிர்பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு இருபதே நிமிடங்களில் வெட்டப்பட்டது உண்மை. அதை இரண்டு மணிநேரம் வெளியே வைத்திருந்தாலும், அமினோகிளைக்கோசைடுகளை வேதிமாற்றம் செய்தோ, மருந்து பற்றும் ரைபோசோம் இடத்தையே மாற்றியோ தப்பிக்கும் கிருமிக்கு 100 மைக்ரோகிராம் ஒரு பொருட்டன்று. அதிலும் வெப்பம் இரு பக்கமும் வேலை செய்யும்: மருந்துக்கு அடங்காத கிருமிக்கும், இத்திரவத்தில் எதிர்மருந்தே இல்லாத பூஞ்சைக்கும், அறை வெப்பநிலை என்பது பெருகுவதற்கான வாய்ப்பு. கண் வங்கியிலேயே மெல்லிய அடுக்காக வெட்டித் தரப்படும் எண்டோதீலியத் திசுக்களில், வெட்டுவதற்காகத் திசு வெளியே இருக்கும் நேரம் கூடுவதால் கேண்டிடா பற்றிய கவலை எழுந்ததும் இதனால்தான்.

திரவத்தின் நிறத்தைப் பற்றியும் ஒன்று. இளஞ்சிவப்பாக இருந்து மஞ்சளானால் மாசு என்று எல்லோரும் அறிவர். அமிலத்தன்மை கூடினால் திரவத்திலுள்ள நிறங்காட்டியான ஃபீனால் ரெட் நிறம் மாறும். ஆனால் அமிலம் உண்டாகக் கிருமி பெருக வேண்டும். குளிரில் பெருகாத கிருமி நிறத்தை மாற்றாது. இந்த நிகழ்வில் இரு புட்டிகளும் கடைசிவரை தெளிந்த இளஞ்சிவப்பாகவே இருந்தன. 30 முதல் 37 டிகிரி வரை வெப்பத்தில் வாரக்கணக்கில் திசுவைப் பேணும் உறுப்பு வளர்ப்பு முறையில் கதை வேறு: அங்கே மாசு இருந்தால் திரவம் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும், திசு நோயாளியை எட்டுவதற்கு முன்பே ஒதுக்கப்படும். அந்த முறைக்கு வேண்டிய ஆய்வக வசதி எல்லா வங்கிக்கும் கைகூடுவதில்லை.

ஆக, மாசு நீக்கத்தின் பெரும்பங்கு திசு புட்டிக்குள் போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்குரியது போவிடோன் அயோடின். எதிர்ப்புத் திறன் பெற்ற சூடோமோனாஸும் அதற்குப் பொதுவாகக் கட்டுப்படும். ஆனால் சளியும் சீழும் உலர்ந்த கசிவும் இருக்கும் இடத்தில் அயோடின் அவற்றோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். எனவே அயோடினுக்கு முன் நடக்கும் அலசல்தான் தீர்மானிக்கிறது. மேல் இமையைப் புரட்டி அதன் ஆழ்மடிப்பு வரை சலைனைப் பாய்ச்சாமல், திறந்த கண்ணின் நடுவில் மட்டும் ஊற்றினால், மடிப்பில் தேங்கிய கசிவு அப்படியே நிற்கும். இமைமயிர் வழியே வழியும் நீர் மீண்டும் கருவிழிமேல் வந்து சேரும். கருவிழி ஓரத்தில் ஒட்டியிருக்கும் இமையிணைப்படலத் துணுக்குகளை வெட்டுவதற்கு முன் சுரண்டி எடுக்காவிட்டால், அந்த ஈரமான மடிப்புகளில் கிருமி விளிம்போடு சேர்ந்தே புட்டிக்குள் போகும். இந்த நிகழ்வின் இரு விளிம்புகளிலும் அத்தகைய துணுக்குகள் இருந்ததை அறுவை அரங்கின் காணொளிப் பதிவு காட்டியது.

விளிம்பு கல்ச்சரின் மதிப்பு

விளிம்பு கல்ச்சர் வேண்டுமா என்பது நீண்டகால விவாதம். வேண்டாம் என்போரின் வாதம் வலுவானது: விளிம்பில் கிருமி வளர்வது மிக அடிக்கடி நடக்கிறது, உட்கண் தொற்றோ நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, எனவே வளர்ந்தாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. வளரவில்லை என்றாலும் பாதுகாப்பு உறுதியில்லை. விளிம்பில் ஊறியிருக்கும் ஆன்டிபயாடிக்கே ஊடகத்தில் வளர்ச்சியை அடக்கிவிடலாம். முடிவு வரும்போது திசு ஏற்கெனவே கண்ணில் இருக்கிறது.

இவை யாவும் சரியே. ஆனால் எல்லாக் கிருமிகளையும் ஒரே எண்ணிக்கையில் அடக்கும்போதுதான் இந்த வாதம் நிற்கிறது. தோலில் வாழும் கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபிலோகாக்கஸ் வளர்ந்தால் நோயாளியைக் கூர்ந்து பார்ப்பது போதும். கேண்டிடா வளர்ந்தால் நிலைமை வேறு. உட்கண் தொற்றுக்கான வாய்ப்பு அதில் கணிசமாகக் கூடுவதால், அறிகுறி தோன்றும் முன்பே பூஞ்சை எதிர்ப்பு மருந்து தொடங்குவோர் பலர். கிராம் நெகட்டிவ் தண்டுக் கிருமியோ ஸ்ட்ரெப்டோகாக்கஸோ வளர்ந்தால், அது நோயாளியை அன்றே வரவழைக்க வேண்டிய செய்தி. ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் குறிப்பிடக் காரணம், அமினோகிளைக்கோசைடுகள் இயல்பிலேயே அதன்மீது வலுவற்றவை. திரவத்தின் வடிகட்டலில் அது தப்பி வருவது வியப்பல்ல. இப்படிப் பிரித்துப் பார்த்தால், விளிம்பு கல்ச்சரின் பயன் தொற்றை முன்னறிவதில் அன்று, தொற்று வந்தால் மருந்தைத் தேர்வதற்கான ஓரிரு நாட்களை முன்கூட்டியே பெற்றுத் தருவதில் இருக்கிறது. இந்த நோயாளிக்கு அந்த நாட்கள் கிடைத்திருந்தன. ஏழு மணிநேரம் அவை கணினியில் கிடந்தன. முதல் ஊசியிலேயே செஃப்டாசிடிமுக்குப் பதில் வேறொன்று போயிருக்குமா என்பது உறுதியில்லை. ஆனால் 36ஆவது மணிநேரத்துக்காகக் காத்திராமல், 29ஆவது மணிநேரத்திலேயே ஊசி போயிருக்க முடியும். சூடோமோனாஸ் விழித்திரையை அழிக்கும் வேகத்தில் ஏழு மணிநேரம் சிறிதன்று.

படிவம் கேட்காத கேள்வி

கொடையாளர் தேர்வின் படிவங்கள் வைரஸ், பிரியான் அச்சத்தால் வடிவம் பெற்றவை. 1974இல் கருவிழி வழியே குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் (பிரியான் என்ற பிறழ்ந்த புரதம் மூளையை அழிக்கும் நோய்) பரவியதும், 1979இல் ரேபிஸ் பரவியதும் பதிவான பிறகு, பின்னர் எச்.ஐ.வி. வந்த பிறகு, கேள்விகள் அந்தத் திசையில் கூர்மையடைந்தன. பாக்டீரியாவைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒரே கேள்விதான்: செப்சிஸ் உண்டா, இல்லையா. இந்தக் கொடையாளரைப் பொறுத்தவரை "இல்லை" என்ற விடை உண்மையே. கிருமி இரத்தத்தில் இல்லை, மூச்சுக்குழாயிலும் கண்ணின் மேற்பரப்பிலும் இருந்தது.

வென்டிலேட்டரில் நெடுநாள் இருந்த கொடையாளர்களை முற்றிலும் விலக்குவது தீர்வாகாது. அவர்கள் இளம் வயதினர், திசு தரமானது, மருத்துவமனையிலேயே இறப்பதால் நேரத்தோடு திசு கிடைக்கிறது. கருவிழிக்காகக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் நிலையில் அவர்களை விலக்கினால் இழப்பு பெரிது. விலக்குவதற்குப் பதில் மூன்று செய்திகள் திசுவோடு பயணிக்க வேண்டும்: எத்தனை நாள் வென்டிலேட்டர், எந்தக் கல்ச்சரின் முடிவு நிலுவையில் உள்ளது, கண்ணில் கசிவோ இமை மூடாமையோ இருந்ததா. நிலுவையில் உள்ள கல்ச்சரின் முடிவைக் கேட்டு வாங்கும் பொறுப்பு கண் வங்கியில் ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட வேண்டும். இந்த நிகழ்வில் சளி கல்ச்சரின் முடிவு, வலது கருவிழி பொருத்தப்படுவதற்கு முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிட்டது. இறந்தவரின் முடிவு என்பதால் கோப்பில் சேர்க்கப்பட்டு மூடப்பட்டது. அது கண் வங்கியை எட்டியிருந்தால் இரு திசுக்களுமே நிறுத்தப்பட்டிருக்கும். குறைந்தபட்சம் இமிபெனெம் மேசைமீது தயாராக இருந்திருக்கும்.

பின்தொடர்வு

நோயாளியின் கண்ணிலிருந்து எட்டாம் நாள் எடுத்த மாதிரியில் கிருமி வளரவில்லை. முன்னறைச் சீழ் பன்னிரண்டாம் நாள் மறைந்தது. ஆறாம் வாரத்தில் கண் அழுத்தம் உயர்ந்து, சொட்டு மருந்தால் கட்டுக்குள் வந்தது. கிளிசரின் திசு எதிர்பார்த்தபடி மங்கலாகவே இருக்கிறது. பி-ஸ்கேனில் விழித்திரை ஒட்டியுள்ளது. நான்கு திசைகளிலிருந்தும் வரும் வெளிச்சத்தை அவரால் சரியாகக் கூற முடிகிறது, கண்ணெதிரே கையசைவு தெரிகிறது. ஆறு மாதங்கள் அழற்சியின்றிக் கழிந்தால் பார்வைக்கான மறுமாற்று செய்வதாகத் திட்டம். விழித்திரையின் மையம் எவ்வளவு தப்பியிருக்கிறது என்பது அதன் பிறகே தெரியவரும். இளைஞரின் இடது கண்ணில் மூன்றாம் மாதம் வரை இடையடுக்கு தெளிவாக உள்ளது; அவருக்கு ஓராண்டு வரை பரிசோதனை தொடரும்.

கண் வங்கி தன் படிவத்தில் நிலுவைக் கல்ச்சர்களுக்கான கட்டத்தைச் சேர்த்துள்ளது. ஆய்வகத்தின் உடனடி அழைப்புப் பட்டியலில் விளிம்பு கல்ச்சரும் இப்போது இடம்பெறுகிறது. அழைத்த நேரம், அழைப்பை ஏற்றவர் பெயர் ஆகியவை முடிவோடு சேர்த்து எழுதப்படுகின்றன.